திருவொற்றியூர் பலூனும் கிண்டி சீரியமும்

1946-இல் மாம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூர்க் கொட்டகை ஒன்றில் பொம்மை பலூன் செய்ய ஆரம்பித்தார். 1961-இல் எம்.ஆர்.எஃப். டயர் வந்தது. பலூன் ரப்பரின் சங்கிலியை மரமே கோத்துக் கொடுத்துவிடும். டயருக்குச் செயற்கை ரப்பரும் வேணும். அந்தச் சங்கிலியை நாமதான் கோக்கணும். 50 டிகிரியில் கோத்ததைவிட, இரும்பு உப்பும் பெராக்சைடும் சேர்த்து 5 டிகிரியில் கோத்த ‘குளிர் ரப்பர்’ டயருக்கு உசத்தி. இரும்பு ஓர் எலக்ட்ரானைத் தள்ள, பெராக்சைடு உடைந்து ரேடிக்கல் பிறக்கிறது. சூடு அதிகம் தேவையில்லை.

பிறந்த பிறகு உலோகம் சும்மா இருக்குமா? இந்தக் கேள்வியைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் எம். சாந்தப்பாவும் மாணவர்களும் வருஷக்கணக்கில் துருவினார்கள். 1951-இலேயே எவன்ஸ், யூரியோடு சேர்ந்து நீரில் வினைல் பாலிமராக்கம் பற்றி எழுதியவர் அவர். 1965-இல் அனந்தநாராயணனோடு எழுதிய சீரியம் கட்டுரை எனக்குப் பிடித்தது: சங்கிலியைத் தொடங்கும் அதே அயனி, வளரும் முனையின் எலக்ட்ரானைப் பறித்து அதை முடித்தும் வைக்கிறது. முடிந்தால் முடிந்ததுதான்.

1995-இல் மத்யசெவ்ஸ்கியும் வாங்கும் அந்த முடிவைத் திறந்து மூடும் மூடியாக்கினார்கள். செம்பு ஒரு குளோரின் அணுவை முனையில் வைத்து மூடும், திரும்ப எடுத்துத் திறக்கும். எல்லாச் சங்கிலியும் கிட்டத்தட்ட ஒரே நீளம். சாந்தப்பாவிடம் இந்தக் கட்டுப்பாடு இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனா கதையை 1995-இல் தொடங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்கணும்: அந்த முதல் சோதனை நடந்தது 130 டிகிரியில். பின்னர் 2006-இல் பெர்செக் செம்பை வைத்து 25 டிகிரியில் செய்து காட்டினார்.