போருக்குப் போன நம் தாத்தாக்களின் பெயர் எங்கே?

பஞ்சமி நில விவரம் சேகரிக்க வட ஆற்காட்டுப் பக்கம் ஒரு கிராமத்துக்கு மாணவர்களோடு போயிருந்தோம். கிராம நிர்வாக அலுவலர் வருவதற்குத் தாமதமானது. பழைய சாவடித் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோதுதான் சுவரில் பதித்திருந்த அந்தக் கல்பலகை கண்ணில் பட்டது. அதன் மேல் தேர்தல் சுவரொட்டிகளை ஒட்டிக் கிழித்த தடம் இருந்தது. ஒரு மாணவி தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டு அதில் இருந்த ஆங்கிலத்தைப் படித்தார். 1914-1919 பெரும்போருக்கு இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று இருந்தது. அதற்கு மேல் எதுவும் இல்லை.

"பேரு எங்கே தோழர்?" என்று கேட்டார் அவர். எங்களிடம் பதில் இல்லை.

அன்று மாலை சேரியில் ஒரு பெரியவரிடம் அந்தக் கல்லைப் பற்றிக் கேட்டோம். "எங்க பெரிய தாத்தா பட்டாளத்துக்குப் போனவரு. அந்தக் கணக்குல அவரும் ஒருத்தர்னு எங்கப்பா சொல்லுவாரு. ஆனா அந்தத் திண்ணையில ஏறி நாங்க அதைப் பார்த்தது இல்ல" என்றார். தன் தாத்தாவைக் கணக்கில் சேர்த்த கல்லை, அது ஊர்ச்சாவடியில் இருந்ததால், ஒரு குடும்பம் இரண்டு தலைமுறையாகத் தூரத்திலிருந்தே பார்த்திருக்கிறது.

இப்படிப்பட்ட கற்கள் தமிழ்நாட்டிலும் இந்தியாவின் பிற பகுதிகளிலும் பல ஊர்களில் இருக்கின்றன. முதல் உலகப்போர் முடிந்ததும் ஆங்கில அரசு வைத்தவை. வாசகம் எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான், எண்கள் மட்டும் மாறும். அந்தப் போரில் 13 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஈடுபடுத்தப்பட்டார்கள். 74,000 பேருக்கு மேல் இறந்தார்கள். போனவர்களில் பல லட்சம் பேர் துப்பாக்கியே தொடாதவர்கள். கோவேறு கழுதை ஓட்டியவர்கள், காயம்பட்டவர்களைத் தூக்கியவர்கள், தண்ணீர் சுமந்தவர்கள், சமைத்தவர்கள், மலம் அள்ளியவர்கள், துணி வெளுத்தவர்கள், மெசபடோமியாவில் சாலையும் ரயில் பாதையும் போட்டவர்கள். ராணுவம் இவர்களை 'ஃபாலோயர்' என்று அழைத்தது, பின்னால் வருகிறவன் என்ற பொருளில். சம்பளம் சிப்பாயைவிடக் குறைவு. ஊரில் எந்தச் சாதி எந்த வேலை செய்ததோ, பெரும்பாலும் அதே சாதி அதே வேலையைக் கடல் கடந்தும் செய்தது.

கோரேகான் தூணைப் பற்றி எழுதச் சொல்லி இளம் தோழர்கள் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். அதைப் பேசுவதற்கு இந்தச் சாவடிக் கல்லிலிருந்து தொடங்குவதுதான் சரி என்று தோன்றுகிறது. ஒன்றில் பெயர் இருக்கிறது, மற்றொன்றில் இல்லை. அதனால் விளைந்தது என்ன என்பதுதான் எங்கள் கேள்வி.

புனேயிலிருந்து அகமதுநகர் போகும் சாலையில், பீமா ஆற்றங்கரையில் இருக்கும் சிறிய ஊர் கோரேகான். 1818 ஜனவரி 1 அன்று அங்கே கிழக்கிந்தியக் கம்பெனியின் ஒரு படை இரண்டாம் பாஜிராவ் பேஷ்வாவின் படையோடு மோதியது. கேப்டன் ஸ்டாண்டனின் தலைமையில் கம்பெனித் தரப்பில் சுமார் 800 பேர் இருந்தார்கள். பம்பாய் காலாட்படைச் சிப்பாய்கள் 500 பேர், குதிரை வீரர்கள், அவர்களோடு மதராஸ் பீரங்கிப் படையைச் சேர்ந்த சில வெள்ளைக்காரர்கள். இரவெல்லாம் நடந்து வந்தவர்கள் பகல் முழுவதும் சோறு தண்ணீர் இல்லாமல் சண்டை போட்டார்கள். கொல்லப்பட்டவர்கள், காயமடைந்தவர்கள், காணாமல் போனவர்கள் என்று சுமார் 275 பேரை இழந்தார்கள். இன்னொரு பெரிய கம்பெனிப் படை வருவதை அறிந்திருந்த பேஷ்வாவின் படை இரவில் விலகிச் சென்றது. 1821-இல் கம்பெனி அங்கே ஒரு தூணுக்கு அடிக்கல் நாட்டியது. சுமார் 60 அடி உயரம். தன் வெற்றியைப் பறைசாற்றத்தான் கட்டியது. மகர்களுக்காகக் கட்டவில்லை.

ஆனால் அந்தத் தூணில் இறந்த சிப்பாய்களின் பெயர்களைப் பொறித்தார்கள். மொத்தம் 49 பெயர்கள். அவற்றில் 22 பெயர்கள் 'நாக்' என்று முடிகின்றன: கோப்நாக், ஷாம்நாக், பாக்நாக் என்று. அந்த விகுதி மகர்களுடையது. மகாராஷ்டிரத்தில் யாரும் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள். சாதியை வைத்து அவமானப்படுத்தப் பயன்பட்ட ஒரு விகுதி, கல்லில் ஏறியதும் சாட்சியமாகிவிட்டது.

அந்தச் சாட்சியம் முதலில் எதற்குப் பயன்பட்டது தெரியுமா? வேலை கேட்க. 1890-களின் தொடக்கத்தில் ஆங்கில அரசு மகர்களைப் படையில் சேர்ப்பதை நிறுத்தியது. சில சாதிகளும் இனங்களும்தான் 'போர்க்குணம்' உள்ளவை என்ற கொள்கை அப்போது உச்சத்தில் இருந்தது. அதை முன்னின்று நடத்திய ராபர்ட்ஸ் பிரபு, 1881 முதல் 1885 வரை மதராஸ் படைக்குத் தலைமைத் தளபதியாக இருந்தவர். பிறகு இந்தியா முழுவதற்கும் தளபதியானார். தெற்கத்திக்காரன் சண்டைக்கு லாயக்கில்லை என்று முடிவு கட்டியவர்களில் முதன்மையானவர். கம்பெனி காலத்திலிருந்து மதராஸ் படையில் இருந்த பறையர் சிப்பாய்களுக்கும் வாசல் குறுகியது. சாப்பர்ஸ், பயனியர் போன்ற பிரிவுகளில், அதாவது பாலம் கட்டவும் பாதை வெட்டவும், இடம் மிஞ்சியது. பயனியர் படையையும் 1933-இல் கலைத்துவிட்டார்கள்.

பட்டாளம் நம் மக்களுக்கு என்னவாக இருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். ரொக்கச் சம்பளம், காலில் செருப்பு, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், ஓய்வூதியம். அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சுபேதார். அந்த வீட்டில் எழுத்தும் புத்தகமும் வந்தது பட்டாளத்தின் வழியாகத்தான். அந்த வாசலை மூடியபோது மகர் முன்னோடிகள் மனு மேல் மனு எழுதினார்கள். 1894-இல் கோபால் பாபா வலங்கர் எழுதினார். 1910-இல் சிவராம் ஜன்பா காம்ப்ளே லண்டனில் இருந்த இந்திய அமைச்சருக்கே எழுதினார். எங்கள் முன்னோர் உங்களுக்காகச் செத்திருக்கிறார்கள் என்று சொல்ல அவர்களிடம் கோரேகான் இருந்தது. இன்றைய பாஷையில் சொன்னால் அந்தத் தூண் ஓர் அனுபவச் சான்றிதழ். 1927 ஜனவரி 1 அன்று அம்பேத்கர் அங்கே போய்ப் பேசிய பிறகுதான் அதன் பொருள் விரிந்தது. வெள்ளைக்காரனிடம் வேலை கேட்கக் காட்டிய தூண், தன் மக்களிடம் சுயமரியாதை பேசும் இடமானது. அதற்குச் சில வாரங்களில், மார்ச்சில், மகாட் சவுதார் குளம்.

இங்கே ஒரு சங்கடத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கோரேகானில் சண்டையிட்ட மகர்கள் பார்ப்பனிய ஆட்சியை வீழ்த்த வேண்டும் என்று நினைத்துப் போனார்களா? அதற்கு ஆதாரம் இல்லை. அவர்கள் சம்பளச் சிப்பாய்கள். அதே படையில் மராத்தர், ராஜபுத்திரர், இஸ்லாமியரும் இருந்தார்கள். ஆனந்த் டெல்டும்டே 2018 தொடக்கத்தில் இதைத்தான் எழுதினார்: இந்தப் போரைச் சாதி எதிர்ப்புப் போராகச் சித்திரிப்பது தொன்மம், அது நாம் கடக்க விரும்பும் அடையாளத்தையே இறுக்குகிறது என்று. நம் தோழர்கள் பலர் அவர் மேல் கோபப்பட்டார்கள். வரலாறாக அவர் சொன்னது சரிதான் என்பது எங்கள் கருத்து. ஆனால் பேஷ்வா ஆட்சியில் தீண்டத்தகாதவர் இடுப்பில் துடைப்பமும் கழுத்தில் கலயமும் கட்டி நடக்க வைக்கப்பட்டதை அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' நூலில் பதிவு செய்திருக்கிறார். அந்த ஆட்சியின் முடிவோடு தம் தாத்தாவின் பெயர் கல்லில் இருப்பதைப் பார்க்கிற பேரன் அங்கே பூ வைப்பதை நாம் எதற்குத் தடுக்க வேண்டும்? 1818-இல் அவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது ஒன்று. 1927 முதல் அங்கே போகிறவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது வேறு. இரண்டையும் குழப்பாமல் இரண்டையும் மதிக்க முடியும். முழக்கத்தில் அதற்கு இடம் இருக்காது, கட்டுரையில் இருக்க வேண்டும்.

2018-இன் கலவரம் மூண்டதற்கும் பின்னால் ஒரு பெயர்ப் பிரச்சினை உண்டு. கோரேகானுக்குப் பக்கத்தில் உள்ள வடு புத்ருக் கிராமத்தில் சத்ரபதி சம்பாஜியின் நினைவிடம் இருக்கிறது. முகலாயர் சிதைத்துக் கொன்ற அவரது உடலுக்குத் துணிந்து இறுதிச் சடங்கு செய்தவர் கோவிந்த் கோபால் என்ற மகர் என்பது தலித் மக்களின் மரபு. அவர் நினைவிடமும் அங்கேதான். அதைச் சொல்லும் பலகை குறித்துத் தகராறு எழுந்து, 2017 டிசம்பர் 29 அன்று அவர் நினைவிடம் சேதப்படுத்தப்பட்டது. மூன்றாம் நாள், ஜனவரி 1 அன்று, தூணுக்குப் போனவர்கள் தாக்கப்பட்டார்கள். ஓர் இளைஞர் இறந்தார். அதன் பிறகு எல்கர் பரிஷத் வழக்கு என்ற பெயரில் 16 பேரைச் சிறையில் அடைத்தார்கள். தூணைப் பற்றி மாற்றுக் கருத்து எழுதிய டெல்டும்டேவும் அதில் ஒருவர். நம் திருச்சி மாவட்டத்தில் பிறந்த பாதிரியார் ஸ்டான் சுவாமி 2021 ஜூலை 5 அன்று காவலிலேயே இறந்தார். ஒரு தலித்தின் பெயர் பொது இடத்தில் நிற்பது இவ்வளவு தூரம் போகிறது.

இப்போது மறுபடி நம் சாவடிக் கல்லுக்கு வருவோம். பெயர் இல்லாதது ஏதோ இடம் போதாமல் நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். போரில் இறந்தவர்களுக்குக் கல்லறை வைக்க 1917-இல் பேரரசு ஓர் ஆணையம் அமைத்தது. பதவி, இனம், மதம் பாராமல் ஒவ்வொருவருக்கும் பெயர் என்பது அதன் கொள்கை. ஆனால் 1929-இல் ஈராக்கின் பஸ்ராவில் திறந்த நினைவுச் சின்னத்தில் வெள்ளைச் சிப்பாய்களுக்குப் பெயர் இருந்தது. இந்தியர்களில் அதிகாரிகளுக்கு மட்டும் பெயர். சாதாரணச் சிப்பாய்கள் படைப்பிரிவின் பெயருக்குக் கீழே வெறும் எண்ணிக்கையாக நின்றார்கள். அந்த ஆணையத்தின் இன்றைய வாரிசான காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021-இல் தானே அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பெயரில்லாமல் விடப்பட்டிருக்கலாம் என்று அந்த அறிக்கை சொல்கிறது. பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்கரும் எகிப்தியரும்.

அதே 2021-இல் லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்த பஞ்சாப் படைப் பதிவேடுகளை இணையத்தில் ஏற்றத் தொடங்கினார்கள். சுமார் 3,20,000 பேரின் விவரம் ஊர்வாரியாக இருக்கிறது. பேரன் பேத்திகள் தேடிப் பார்க்கிறார்கள். நாம் வீடு வீடாகத்தான் போக வேண்டும். அரசு வரலாற்றில் இல்லாதது பல நேரம் நம் வீட்டுத் தகரப் பெட்டியில் இருக்கும். டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் காகிதம், பதக்கம். பதக்கத்தைக் கவனமாகப் பாருங்கள். முதல் உலகப்போரின் பிரிட்டிஷ் பதக்கத்தில் விளிம்பைச் சுற்றிப் பொடி எழுத்தில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு பொறித்திருக்கும். முகப்பில் இருக்கும் ராஜாவின் தலையைப் பார்த்துவிட்டு நாம் திருப்பி வைத்துவிடுகிறோம்.

அந்தப் பெரியவர் வீட்டிலும் ஒன்று இருந்தது. அவருடைய பேரன் எடுத்து வந்தார். அவர் போலீஸ் தேர்வுக்குப் படிக்கிறவர். எங்கள் கொள்ளுத்தாத்தா துப்பாக்கி பிடித்தவர் என்று நண்பர்களிடம் சொல்லி வளர்ந்தவர். கருத்துப் போயிருந்த பதக்கத்தை அலைபேசி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். வெள்ளி இல்லை, வெண்கலம். சிப்பாய்க்கு வெள்ளியும் கூலிப்படைக்கு வெண்கலமும் கொடுத்தார்கள். விளிம்பில் பெயர் தெளிவாக இருந்தது. பெயருக்கு முன்னால் 'லேபரர்' என்று இருந்தது.

"அப்போ சிப்பாய் இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்றோம். அவர் முகம் வாடியதைப் பார்த்தபோது எங்களுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. கோரேகானைப் பற்றிப் பேசும்போதெல்லாம் வாள், வீரம், போர்ச்சாதி என்று நாங்களும்தானே பேசியிருக்கிறோம்! ராபர்ட்ஸின் அளவுகோலை வைத்தே நம் தாத்தாவை அளந்தால், மூட்டை சுமந்து காய்ச்சலில் செத்தவருக்கு எங்கே இடம்? அதை அவரிடம் சொன்னோம். அவர் ஒன்றும் சொல்லாமல் பதக்கத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு போனார். பெரியவர் மட்டும் அந்தப் பெயரை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். வீட்டில் அவரை வேறு பெயரில் கூப்பிட்டிருக்கிறார்கள் போல.

ஒரு வாரம் கழித்துப் பேரனே போன் செய்தார். அடுத்த தெருவில் இன்னொரு வீட்டில் ஒன்று இருக்கிறதாம். ஒரே அழுக்கு, வெள்ளியா வெண்கலமா தெரியவில்லை, புளி போட்டுத் தேய்த்துப் பார்க்கலாமா என்று கேட்டார். தேய்க்க வேண்டாம், விளிம்பு எழுத்து போய்விடும், ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வருகிறோம் என்றோம்.