சிறு மண் அணைகளின் இடர் வகைப்பாடு

சிறு மண் அணைகளின் இடர் வகைப்பாடு என்பது, ஓர் அணை உடைந்தால் அதன் கீழ்ப்புறத்தில் உள்ள உயிர்களுக்கும் உடைமைகளுக்கும் எவ்வளவு கேடு நேரும் என்பதைக் கொண்டு அவ்வணையைத் தரம்பிரிக்கும் முறையாகும். அணை உறுதியாக உள்ளதா, பழுதுற்றுள்ளதா என்பதை இது குறிப்பதில்லை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வது பரவலாகக் காணப்படும் பிழை. நன்கு பேணப்படும் புதிய அணையும் 'உயர் இடர்' வகையில் அமையலாம். கரை சிதைந்த அணையொன்று வெறும் மேய்ச்சல் நிலத்திற்கு மேலே இருப்பின் 'தாழ் இடர்' வகையிலேயே இருக்கும். ஐக்கிய அமெரிக்காவின் வெள்ளத் தடுப்பு அணைகள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

அணைகளும் அவற்றின் அமைப்பும்

1944 ஆம் ஆண்டின் வெள்ளக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1954 ஆம் ஆண்டின் நீர்ப்பிடிப்புப் பகுதிப் பாதுகாப்புச் சட்டம் முதலியவற்றின்கீழ், அந்நாட்டு வேளாண்மைத் துறையின் உதவியுடன் 47 மாநிலங்களில் 11,000க்கும் மேற்பட்ட அணைகள் கட்டப்பட்டன. இவற்றுள் முதலாவது 1948 இல் ஓக்லகோமா மாநிலத்தில் கோர்டெல் நகருக்கு அருகே கட்டி முடிக்கப்பட்டது. அம்மாநிலத்தில் மட்டும் 2,100க்கும் மேற்பட்டவை உள்ளன.

சாதாரண நாட்களில் இத்தகைய அணையின் பின்னே சிறு குட்டையளவு நீரே நிற்கும். பெருமழையின்போது தேங்கும் வெள்ளம், கரையின் அடியில் பதிக்கப்பட்ட குழாய் வழியே சில நாட்களில் மெல்ல வடிகிறது. அதற்கும் மிஞ்சிய நீர், கரையின் ஓரத்தில் புல் வளர்த்து அமைக்கப்பட்ட துணை வழிந்தோடி வழியாக வெளியேறும். ஏரிகளில் கலுங்கு செய்யும் வேலையும் இதுவே. நீர் கரையின்மேல் வழிதல், கரையினுள் கசிந்து மண்ணை அரித்தல், குழாய் துருப்பிடித்தல், மர வேர்களும் வளை தோண்டும் விலங்குகளும் கரையைத் துளைத்தல் ஆகியன இவ்வணைகளுக்கு நேரும் முக்கியக் கேடுகளாகும்.

மூன்று வகைகள்

உடைப்பினால் ஏற்படும் இழப்பு பெரும்பாலும் அணை உரிமையாளரின் நிலத்தோடு நின்றுவிடுமாயின் அது தாழ் இடர் அணை. உயிரிழப்பு எதிர்பார்க்கப்படாமல், பொருளிழப்போ சாலை, குடிநீர் போன்ற வசதிகளுக்குத் தடையோ ஏற்படக்கூடுமாயின் அது குறிப்பிடத்தக்க இடர் அணை. உயிரிழப்பு நேரக்கூடும் எனக் கருதப்படுவது உயர் இடர் அணை. இதற்கு ஓர் உயிரே போதும், எண்ணிக்கை கணக்கில்லை.

வகைக்கேற்ப வடிவமைப்பும் மாறுகிறது. உயர் இடர் அணை, அவ்விடத்தில் பெய்யக்கூடிய மிகப் பெரும் மழையையும் கரைமேல் வழியவிடாமல் தாங்கவேண்டும். தாழ் இடர் அணைக்கு அதைவிட மிகச் சிறிய வெள்ளமே அளவுகோல்.

வகை மாறுதல்

அணையில் எம்மாற்றமும் நிகழாமலே அதன் வகை மாறக்கூடும். வயல்களைக் காப்பதற்கெனக் கட்டப்பட்ட அணையின் கீழே பின்னர் வீடுகள் எழுந்தால், தாழ் இடர் அணை உயர் இடர் அணையாகிவிடும். ஆனால் அதன் வழிந்தோடி பழைய அளவிலேயே இருக்கும். அணை வெள்ளத்தைத் தடுத்து ஆற்றோரத்தை உலர்வாக வைத்திருப்பதே அங்கு வீடு கட்டுவோரை ஈர்க்கிறது என்பது இதிலுள்ள முரண். அணைகளைப் பேணும் பொறுப்பு மண்வளப் பாதுகாப்பு மாவட்டங்கள் போன்ற உள்ளூர் அமைப்புகளுடையது. கீழ்ப்புறத்தில் கட்டடம் எழுவதைத் தடுக்கும் அதிகாரம் அவற்றுக்குப் பெரும்பாலும் இல்லை.

சிறிய அணை என்பதால் கேடும் சிறிதாகவே இருக்கும் என்று கொள்ள முடியாது. 1977 நவம்பர் 6 அன்று அதிகாலையில், ஜார்ஜியா மாநிலத்தின் டொக்கோவா அருகே ஏறத்தாழ 12 மீட்டர் உயரமே கொண்ட கெல்லி பார்ன்ஸ் என்னும் மண் அணை, பலத்த மழைக்குப் பின் உடைந்தது. கீழே இருந்த கல்லூரி வளாகத்தில் 39 பேர் இறந்தனர். அது வெள்ளத் தடுப்புக்காகக் கட்டப்பட்டதன்று. எனினும் நாடெங்கும் அணைகளின் ஆய்வு விரைவுபடுத்தப்பட அந்நிகழ்வே காரணமாயிற்று.

புதுப்பித்தல்

வெள்ளத் தடுப்பு அணைகளுள் பல 50 ஆண்டுப் பயன்பாட்டுக்கென வடிவமைக்கப்பட்டவை. பெரும்பாலானவை அக்காலத்தைக் கடந்துவிட்டன. 2000 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், புதுப்பிக்கும் செலவில் 65 விழுக்காடு வரை நடுவணரசு ஏற்க வழிசெய்தது. எஞ்சியதை உள்ளூர் அமைப்பே திரட்டவேண்டும். கரையை உயர்த்துதல், வழிந்தோடியை அகலப்படுத்துதல் என்பனவே வழக்கமான பணிகள். சில இடங்களில் அணையையே அகற்றுவதும், கீழ்ப்புற வீடுகளை வேறிடத்திற்கு மாற்றுவதும் கருத்தில் கொள்ளப்படுகின்றன.