திருமலையின் கடனும் ஆற்காட்டின் கடனும்

திருமலைக்கு நடந்தேறும் எளிய பக்தருக்கு நிதிநிலை அறிக்கை புரியாதிருக்கலாம். கடன்பட்ட தெய்வத்தை அவர் நன்கறிவார். பத்மாவதியை மணக்கக் குபேரனிடம் கடன் பெற்ற வேங்கடவன் கலியுகம் முடியும்வரை வட்டி மட்டுமே செலுத்துகிறார், அசல் யுக முடிவில்தான் தீரும், உண்டியலில் விழும் காசு அந்த வட்டிக்கே போகிறது என்பது இம்மலையடிவாரத்தில் வழங்கும் கதை. தெலுங்கில் அவருக்கு 'வட்டிகாசுலவாடு' என்றே ஒரு பெயருண்டு. இக்கதையைக் கேட்கும் குழந்தைகள் தவறாமல் சில கேள்விகளை எழுப்புவார்கள். கடன் எப்போது தீரும்? அவர் வாங்கியதற்கு நாம் ஏன் கட்டவேண்டும்? குபேரனுக்கு அவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது?

ஒவ்வொரு பிப்ரவரியிலும் நாட்டின் கடனைப் பற்றிப் பொதுமக்கள் கேட்பவையும் ஏறக்குறைய இவையே. பொருளியல் துறையினர் பலர் இவற்றைப் பாமரக் கேள்விகள் என்று ஒதுக்கிவிட்டு, கடனுக்கும் உள்நாட்டு உற்பத்திக்கும் உள்ள விகிதத்தை விளக்கத் தொடங்குவார்கள். விகிதம் தேவைதான். ஆயினும் சித்தூர், சந்திரகிரி, திருப்பதி ஆகியவை ஆற்காட்டு நவாபின் ஆட்சியில் இருந்த காலத்தைப் படிக்கும்போது, அந்தக் குழந்தைகளின் கேள்விகளே கூர்மையானவை என்று தோன்றுகிறது.

1749 முதல் 1795 வரை நவாபாக இருந்த முகமது அலி வாலாஜா, பிரெஞ்சுக்காரரோடும் பிறரோடும் நடந்த போர்களுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையை நம்பியிருந்தார். அந்தப் படைச்செலவு அவர்மீது கடனாக ஏறியது. 1750களில் திருமலைக் கோயில் வருவாயே அக்கணக்கில் கம்பெனிக்கு ஒதுக்கப்பட்டது. குபேரனின் வட்டிக்கென்று பக்தர் போட்ட காசு நவாபின் போர்க்கடனுக்குச் சென்றது. (கம்பெனி அச்சிட்ட 'மூன்று சுவாமி வராகன்' என்னும் பொற்காசில் இருந்ததும் வேங்கடேசரும் இரு தேவியரும்தான்.)

கம்பெனியின் பாக்கியைத் தீர்க்க நவாப் கம்பெனி ஊழியர்களிடமே தனிப்பட்ட முறையில் கடன் வாங்கியதுதான் இவ்வரலாற்றின் மையம். ஆண்டுக்குச் சில நூறு பவுண்டு ஊதியம் பெற்ற பால் பென்ஃபீல்டு, தஞ்சாவூர் வருவாயின் மீது தனக்கு 2,30,000 பவுண்டுக்கும் மேல் பாக்கி என்று 1776இல் உரிமை கோரினார். அதை ஏற்க மறுத்த மதராஸ் ஆளுநர் ஜார்ஜ் பிகட்டை, அவருடைய ஆலோசனைக் குழுவின் பெரும்பான்மையினரே சிறைப்படுத்தினர். 1777 மே மாதம் அவர் காவலிலேயே இறந்தார்.

இக்கடன்களுக்கு ஈடாகத் தரப்பட்டது 'தன்கா'. ஒரு வட்டாரத்தின் வரவிருக்கும் நிலவரி இன்னாருக்கு உரியது என்று எழுதித்தரும் ஆணை அது. பாரசீகச் சொல், இந்தியில் இன்று 'தன்க்வா' என்றால் சம்பளம். அன்று அதன் பொருள், விளையாத பயிரின் வரியை இன்றே விற்றுவிடுவது. தன்காவைக் கையில் வைத்திருந்தவரின் ஆட்கள் களத்துமேட்டுக்கு வந்தார்கள். வரிக் குத்தகைதாரரோ தம் தவணையைக் கட்ட வட்டிக்கு வாங்கி, அந்த வட்டியையும் உழவர் தலையில் ஏற்றினார். கடன் பத்திரம் எதிலும் அந்த உழவரின் பெயர் இல்லை.

1780இல் ஹைதர் அலியின் படையெடுப்பு இந்நாட்டைச் சூறையாடியது. 1782 டிசம்பரில் ஹைதர் இறந்ததும் சித்தூருக்கு அருகேதான். வரி தரவேண்டிய ஊர்கள் பாழாகிக் கிடக்க, வட்டி மட்டும் நிற்கவில்லை. 1784இன் இந்தியச் சட்டம் இக்கடன்களை விசாரிக்கச் சொல்லியிருந்தும், ஹென்றி டன்டாஸ் பொறுப்பிலிருந்த கட்டுப்பாட்டு வாரியம் விசாரணையின்றியே அவற்றை ஏற்றது. கம்பெனிக்கும் தனியாருக்குமாக ஆண்டுக்கு 12 லட்சம் வராகன் ஒதுக்கவேண்டும் என்பது ஏற்பாடு. 1785 பிப்ரவரி 28 அன்று எட்மண்ட் பர்க் நாடாளுமன்றத்தில் ஆற்றிய நீண்ட உரையின் சாரம் எளியது: கடன் கொடுத்தவர் யார், உண்மையில் கொடுத்தாரா, கட்டப்போவது யார்? ஃபாக்ஸ் கொண்டுவந்து அவர் ஆதரித்த தீர்மானம் தோற்றது.

இருபது ஆண்டுகளுக்குப் பின் விடை கிடைத்தது. 1801இல் கர்நாடகம் கம்பெனியின் ஆட்சிக்குள் வந்தபின், 1805இல் அமைந்த ஆணையம் நவாபின் கடன்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தது. கோரப்பட்ட தொகை 3 கோடி பவுண்டுக்கும் மேல். செல்லும் என்று ஏற்கப்பட்டது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. டன்டாஸ் விசாரணையின்றி ஏற்ற பழைய கடன்கள் இந்தச் சல்லடைக்கு வரவே இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

இன்றைய நிலை வேறு. ஓராண்டில் வரவை மீறும் செலவு பற்றாக்குறை; ஆண்டுதோறும் சேர்ந்த பற்றாக்குறைகளின் குவியல் கடன். ஒன்றிய அரசின் கடனில் மிகப் பெரும்பகுதி உள்நாட்டில், ரூபாயில் வாங்கியது. கொடுத்தவர்கள் வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள், வருங்கால வைப்பு நிதிகள். அதாவது சுற்றுவழியில் நாம். திருமலை திருப்பதி தேவஸ்தானம் 2022 நவம்பரில் வெளியிட்ட அறிக்கையின்படி அதன் வங்கி வைப்பு 15,938 கோடி ரூபாய். வங்கிகள் தம் வைப்புகளில் 18 விழுக்காட்டளவு அரசுப் பத்திரம் முதலியவற்றில் வைத்தாகவேண்டும். ஆகவே குபேரனிடம் கடன்பட்டவர் அரசுக்குக் கடன் கொடுப்பவராகவும் இருக்கிறார். 'ஒவ்வொருவர் தலையிலும் இத்தனை ஆயிரம் கடன்' என்ற செய்தித்தாள் வகுத்தல், இந்த மறுபக்கத்தைச் சொல்வதே இல்லை.

ஆனால் தன்கா முற்றிலும் மறைந்துவிட்டதாகச் சொல்ல முடியவில்லை. 2020இல் தோன்றிய ஆந்திரப் பிரதேச மாநில மேம்பாட்டுக் கழகம், மதுவின் மீதான வரியில் வரவிருக்கும் வருவாயைக் காட்டி வங்கிகளிடம் கடன் பெற்றது. கடன் கழகத்தின் பெயரில். அடைப்பது மக்கள் செலுத்தும் வரி. ஆந்திரம் மட்டும் செய்த வேலையன்று இது. ஒன்றிய அரசே உணவு மானியத்தை இந்திய உணவுக் கழகத்தின் கடனாகப் பல ஆண்டுகள் வெளியே நிறுத்திவைத்து, 2021 பிப்ரவரி நிதிநிலை அறிக்கையில்தான் கணக்குக்குள் கொண்டுவந்தது. மாநிலக் கழகங்களின் இத்தகைய கடன்களை மாநிலக் கடனாகவே கருதி, கடன் உச்சவரம்பில் கழிக்கப்போவதாக அது மாநிலங்களுக்குத் தெரிவித்தது 2022 மார்ச்சில். சித்தூரில் சாராயக் கடைக்கு எதிரே நிற்கும் ஒருவர் 'இந்த வரி எங்கே போகிறது?' என்று கேட்டால், விடை நிதிநிலை அறிக்கையின் முதன்மை அட்டவணையில் இராது. கழகங்களுக்கு அரசு அளித்த உத்தரவாதங்களின் பட்டியலிலும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையிலும் தேடவேண்டும்.