கொண்டச்சிச் சலாபமும் நோய்ச் செய்தியும்

மன்னார்ப் பெருநிலக் கரையிலுள்ள கொண்டச்சிக் குடா முத்துக்குப் பெயர்பெற்றது. ஆங்கிலக் கும்பினியார் 1796 முதல் 1798 வரை ஆண்டுதோறும் சலாபம் நடத்தியபோது, வெறுமணற் கரை சில நாட்களில் பெருநகராயிற்று. சுழியோடிகளும் வணிகரும் கடல்கடந்து வந்து குழுமினர். நெருங்கிய கொட்டில்கள், அழுகும் சிப்பிக் குவியல்கள், அரிதான நன்னீர் ஆகியன நோய்க்கு வாய்ப்பாயின. 1817 இல் வங்கத்தில் எழுந்த வாந்திபேதி சில ஆண்டுகளில் இலங்கையையும் அடைந்தபின், சலாபக் கூட்டம் ஆட்சியாளர்க்குத் தீராத அச்சமாயிற்று. கூட்டம் கலைந்தால், நோய் எவ்வூருக்குச் சென்றதென்று அறிதல் அரிதன்றோ?

நோயைத் தடுப்பதற்கு அதனினும் விரைந்து செய்தி செல்லவேண்டும். தொற்றுநோய்த் தடுப்புக் கட்டளைச்சட்டம் 1897 இல் பிறந்தது. பிற்காலத்தில், நோயாளியைக் கண்ட வைத்தியர் படிவம் நிரப்பிச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்பவும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீடுசென்று விசாரிக்கவும் முறை அமைந்தது. எனினும், கடிதம் போய்ச்சேருமுன் நோய் அயல்வீடு புகுதலும் உண்டு.

இத்தாமதத்தைப் போக்க, 2008 அளவில் குருநாகல் மாவட்டத்திலும் தமிழகத்துச் சிவகங்கை மாவட்டத்திலும் ஒரு சோதனை தொடங்கிற்று. லேர்ன் ஏசியா, சர்வோதயம், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் ஆகியவை அதிற் பங்குகொண்டன. ஊழியர் நோயாளரின் அறிகுறிகளைக் கைத்தொலைபேசி வழியே அனுப்பினர். வழமைக்கு மிஞ்சிய பெருக்கத்தைக் கணினி சுட்டியது. ஆயினும், பிழையாகப் பதிந்த செய்தியைக் கணினி தானே திருத்தவல்லதன்று என்பதும் அங்கே புலனாயிற்று.

இதன் பொருள் எமது மாவட்டத்திற்கு அணித்தானது. நாட்டில் தொடர்ந்து பரவிவந்த மலேரியா 2012 இல் இறுதியாகக் காணப்பட்டது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியாவற்ற நாடென அறிவித்தது. அவ்வாண்டின் இறுதியிலேயே, கொண்டச்சிக்கு வடக்கிலுள்ள மன்னார்த் தீவில், இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்னும் நுளம்பு முதன்முறையாகக் கண்டறியப்பட்டது. அதன் குடம்பிகள் குடிமனைக் கிணறுகளில் வளர்ந்தன. கிணற்று நீரை முகந்து நோக்கிய கள ஊழியரின் கண்களே அதனைக் காட்டிக்கொடுத்தன.

நுளம்பு வந்துவிட்டது, கிருமி ஒரு பயணியின் குருதியில் வருதல் போதும். ஆகவே, காய்ச்சலுற்றோர் தாம் சென்றுவந்த நாட்டை மறையாது கூறுதலும், வைத்தியர் அதனைக் கேட்டுக் குருதியைச் சோதிப்பித்தலும் இன்றியமையாதன. கருவி செய்தியை விரைவாகக் கொண்டுசெல்லும். உண்மைச் செய்தியைத் தரவேண்டியவர் நாமே.