மின்புலமும் குருதியும்: வேடர் ஆய்வு தரும் வரலாற்றுப் பாடம்

குருதியைக் கொண்டு இனத்தை நிறுவலாம் என்னும் நம்பிக்கைக்கு, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் புதியதொரு கருவி கிடைத்தது. எலெக்ற்ரோபொரெசிஸ் என வழங்கும் மின்புலப் பிரிப்பு முறையே அது. அக்கருவி அந்நம்பிக்கையை வலுப்படுத்தியதா, தளர்த்தியதா என்பதை இலங்கை வேடர் பற்றிய ஆய்வை முன்வைத்து இங்கு நோக்குவோம்.

முறையின் அடிப்படை எளிது. கரைசலிலுள்ள புரத மூலக்கூறுகள் மின்னேற்றம் உடையன. மின்புலத்தில் அவை தத்தம் ஏற்றத்திற்கேற்ப வெவ்வேறு வேகத்தில் நகரும். சுவீடனில் ஆர்னே ரிசேலியஸ் 1937இல் இவ்வழியே குருதிநீர்ப் புரதங்களைப் பிரித்துக் காட்டினார். 1948இல் நோபல் பரிசு பெற்றார். அரிவாட்கலச் சோகையுடையோரின் ஈமோகுளோபின், ஏற்றத்தில் வேறுபட்டது என்பதை 1949இல் லைனஸ் போலிங் குழுவினர் நிறுவினர். 1955இல் ரொறன்ரோவில் ஒலிவர் சிமிதீஸ், மாப்பொருளைக் காய்ச்சி உறையவிட்ட ஜெல்லைப் பயன்படுத்தினார். அதன் நுண்துளைகள் பெரிய மூலக்கூறுகளைத் தாமதப்படுத்தியமையால், ஏற்றத்தோடு பருமனும் பிரிப்பிற்கு அளவுகோலாயிற்று.

இக்காலத்திலேதான் தென்னாசியப் பழங்குடியினரின் குருதி ஆய்வுக்கூடங்களைச் சென்றடைந்தது. 1952இல் லேமன், கட்புஷ் ஆகியோர் நீலகிரிப் பழங்குடியினரிடையே அரிவாட்கலப் பண்பைக் கண்டனர். இப்பண்பை ஆசியாவிலிருந்து கிழக்காபிரிக்காவுக்குக் கொண்டுசென்றோர் ‘வெடோயிட்’ இனத்தவரே என லேமன் 1954இல் வாதிட்டார். அவ்வினப் பெயரோ இலங்கை வேடரை முன்மாதிரியாகக் கொண்டு மானிடவியலாளர் புனைந்தது. ஆகவே, வேடரிடம் அப்பண்பு காணப்படும் என எதிர்பார்ப்பது இயல்பே. ஆனால், லேமனும் பிறரும் வெளியிட்ட வேடர் ஆய்வில் அது காணப்படவில்லை. அதற்குப் பதிலாக, தாய்லாந்து, கம்போடியா, வங்காளம் முதலிய இடங்களிற் பரவலாகவுள்ள ஈமோகுளோபின் ஈ காணப்பட்டது.

அவ்வாறாயின் வேடர் தென்கிழக்காசியாவிலிருந்து வந்தோரா? அத்தகைய முடிவும் அவசர முடிவே. ஈமோகுளோபின் ஈயில் பீற்றாச் சங்கிலியின் 26ஆம் இடத்தில் குளுற்றமிக் அமிலத்திற்குப் பதில் இலைசின் அமைந்துள்ளது. பருமன் ஏறத்தாழ மாறாதிருக்க, ஏற்றம் மாறுவதாலேயே அது தனிப்பட்டையாகப் பிரிகிறது. மலேரியா நிலவிய நிலங்களில் இத்தகைய மாற்றங்கள் உடையோர்க்கு ஓரளவு பாதுகாப்புக் கிட்டியது. அதனால் அவை அங்குப் பெருகின. ஈ வகை ஒன்றுக்கு மேற்பட்ட தடவை தனித்தனியே தோன்றியிருக்கலாம் என்பதற்கான சான்றும் 1982இல் வெளியாயிற்று. எனவே, ஒரு பட்டை சுட்டுவது ஒரு மூலக்கூற்றின் ஏற்றத்தை. ஒரு மக்கட் கூட்டத்தின் பூர்வீகத்தையன்று.

இப்பட்டையின் பயன் வேறிடத்தில் உள்ளது. பெற்றோருள் ஒருவரிடமிருந்து ஈ வகையையும் மற்றவரிடமிருந்து பீற்றாத் தலசீமியாவையும் பெறும் குழந்தைகள் கடுஞ்சோகைக்கு ஆளாகக்கூடும். குருநாகல் போன்ற இடங்களில் இலங்கை மருத்துவர்கள் எதிர்கொள்ளும் பிரச்சினை இது. இந்நோயை அறிவதில் மின்புலப் பிரிப்பு முக்கிய துணையாகியது.

கலைப்பீடமும் விஞ்ஞானபீடமும் ஒரே வளாகத்தில் இயங்கும் திருநெல்வேலியில் இவ்வரலாறு கவனத்திற்குரியது. இத்தீவில் பூர்வீகம் பற்றிய உரிமைக்கோரல்கள் பேரழிவுக்குத் துணைபோயின. மக்களின் நிலவுரிமையும் மொழியுரிமையும் அவர்தம் வாழ்வினின்றும் உழைப்பினின்றும் எழுவன. அவற்றிற்குக் குருதிச் சான்று வேண்டுவதில்லை. அக்குருதியில் நாம் தேடவேண்டியது, நோயுற்ற குழந்தைக்கான நிவாரணத்தையே.