ஊதினால் தெரியும் அல்சர்

மூச்சை முகர்ந்து நோய் கண்டுபிடிப்பது புதிய விஷயம் அல்ல. சர்க்கரை நோய் முற்றியவரின் மூச்சில் பழ வாசனை அடிக்கும் என்பது பழைய டாக்டர்களுக்கே தெரியும். 1971-ல் லைனஸ் பாலிங் மூச்சுக்காற்றில் சுமார் 250 பொருட்கள் இருப்பதைக் காட்டினார். ஆனால் இன்று ஆஸ்பத்திரிகளில் அதிகம் புழங்கும் ஒரு மூச்சுப் பரிசோதனை வந்தது வயிற்றுப் புண்ணால்தான்.

அல்சருக்குக் காரணம் கவலையும் காரமும் என்றுதான் அப்போது சொல்வார்கள். மாத்திரையை நிறுத்தினால் புண் திரும்ப வரும். விற்பவர்களுக்கு இதைவிட நல்ல வியாபாரம் உண்டா? டாகமெட் என்ற ஒரே மருந்தின் ஆண்டு விற்பனை 1980-களில் 100 கோடி டாலரைத் தாண்டியது.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இரு டாக்டர்கள், பெரும்பாலான அல்சருக்கு ஒரு பாக்டீரியாவே காரணம் என்றார்கள். அமிலத்தில் கிருமி பிழைக்குமா என்று பலரும் நம்பவில்லை. 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்துவிட்டார்! சில நாட்களில் வாந்தி, இரைப்பையில் அழற்சி.

சரி, நோயாளியிடம் கிருமி இருப்பதை எப்படி அறிவது? தொண்டை வழியாகக் குழாய் விட்டு, சதைத் துணுக்கு எடுக்க வேண்டும். யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனால் ஹெலிகோபாக்டர் பைலோரி எனும் இக்கிருமி யூரியாவை உடைத்து அம்மோனியாவும் கார்பன் டை ஆக்சைடும் உண்டாக்குகிறது. அந்த அம்மோனியாதான் அமிலத்திலிருந்து அதைக் காப்பாற்றுகிறது. யூரியாவை உடைக்கும் அந்த வேலையே அதைக் காட்டியும் கொடுத்தது. அடையாளமிட்ட கார்பன் கொண்ட யூரியாவைக் குடிக்க வைத்து, சிறிது நேரம் கழித்து ஊதச் சொன்னால் போதும். அந்தக் கார்பன் மூச்சில் வந்தால் உள்ளே கிருமி இருக்கிறது. 1987-ல் இம்முறை வெளியானது.

2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நோயாளிக்கோ ஆயுள் முழுக்க மாத்திரை என்பது போய், சுமார் இரண்டு வார ஆன்டிபயாடிக் என்றானது. ஒரு மாதம் கழித்து மறுபடி ஊதச் சொல்கிறார்கள், கிருமி போய்விட்டதா என்று பார்க்க.