கொடைக்குப் போகாதே, கோபப்படாதே: ஞாயிறு பள்ளி குறித்துச் சில குறிப்புகள்

எங்கள் ஊரில் சுடலைமாடன் கொடை நடக்கிற வாரத்தில் ஞாயிறு பள்ளிக்குப் பிள்ளைகள் வரத்து கூடிவிடும். வராதவர்கள் பெயரை ஆராதனை முடிந்ததும் உபதேசியார் சபைக்கு முன்னால் வாசிப்பார். வில்லுப்பாட்டுச் சத்தம் ஓட்டுக்கூரை வழியாக உள்ளே வந்துகொண்டிருக்கும்போதே பாடம் நடக்கும். படைத்ததைத் தின்னக்கூடாது. பந்தல் பக்கம் நிற்கக்கூடாது. பக்கத்து வீட்டிலிருந்து தீபாவளிப் பலகாரம் வந்தால் முகம் கோணாமல் வாங்கி மாட்டுக்குப் போட்டுவிடலாம் (மாட்டுக்கு ஆத்துமா கிடையாதல்லவா). அதற்கடுத்த வாரம் கோபம் பற்றிய பாடம். இரண்டும் அடுத்தடுத்து வந்தது தற்செயல் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

ஆறாம் வகுப்பில் இருந்தபோது ஒரு பையனை மூக்கில் ரத்தம் வர அடித்தேன். கொடை முடிந்த மறுநாள் அவன் சொன்னது இதுதான்: "உங்க பூட்டன் கொட்டடிச்சாத்தாம்ல எங்க சாமி ஆடும்." எபேசு சபைக்குப் பவுல் எழுதியதில் கோபத்தைப் பற்றி வருகிற வசனத்தை ஐம்பது தடவை எழுதச் சொன்னார் ஞாயிறு பள்ளி ஆசிரியர். எழுதினேன். அந்தப் பையன் என்ன சொன்னான் என்று அவர் கேட்கவேயில்லை. ராத்திரி ஆச்சியிடம் கேட்டேன். "ஆமாய்யா, அடிச்சாருதான். ஆள் வந்து கூப்பிட்டா போகணும். போகலைன்னா கட்டி வச்சி அடிப்பாங்க. வேதத்துக்கு வந்த பொறவுதான் வரமாட்டேன்னு சொல்ல வாய் வந்துது."

இந்தக் கட்டுரைக்கு நான் சொல்ல வேண்டியது ஏறக்குறைய அவ்வளவுதான். ஆனால் ஆச்சி சொன்னதை வரலாறாக எழுதினால்தான் நம் தோழர்களுக்கு நம்பிக்கை வரும்.

திருவிழாவுக்குப் போகாதே என்ற கிறிஸ்தவக் கட்டளையை நம் சிறுபத்திரிகைகள் பெரும்பாலும் ஒரேமாதிரிதான் வாசித்து வந்திருக்கின்றன. காலனியம் வந்தது, மண்ணின் கலாச்சாரத்திலிருந்து மக்களைப் பிய்த்தெடுத்தது, பூவையும் பொட்டையும் கொட்டையும் பறித்தது. இதில் பொய் இல்லை. ஆனால் பிய்த்தெடுக்கப்பட்டவர் அந்தத் திருவிழாவில் எந்த இடத்தில் நின்றார் என்ற கேள்வி இந்த வாசிப்பில் எழுவதே இல்லை. தேரில் உட்கார்ந்திருந்தவருக்கும் வடம்பிடிக்க இழுத்து வரப்பட்டவருக்கும் திருவிழா ஒன்றல்ல.

1704இல் போப்பாண்டவரின் தூதராக வந்த தூர்னோன் புதுச்சேரியில் ஓர் ஆணை பிறப்பித்தார். தத்துவ போதகர் காலம் முதல் சேசு சபையார் அனுமதித்து வந்த உள்ளூர்ச் சடங்குகள் பலவற்றை அது தடைசெய்தது. பிள்ளையார் உருவம் பொறித்த தாலி, கல்யாணத்தில் தேங்காய் உடைப்பது, பெண்பிள்ளை பூப்பெய்தியதைக் கொண்டாடுவது எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. அதே பட்டியலில் கிறிஸ்தவ வாத்தியக்காரர்கள் கோயில் விழாக்களில் வாசிக்கக் கூடாது என்றும் இருக்கிறது. நோயாளியான பறையர் வீட்டுக்குள் போய் அவஸ்தை கொடுக்க மறுக்கும் சாமியார்களுக்கான கண்டிப்பும் இருக்கிறது. ரோமாபுரிக்காரருக்கு இவையெல்லாம் ஒரே கணக்கு, தூய்மைக் கணக்கு. கொட்டடிப்பவருக்கோ அந்த ஒரு வரி பிழைப்பைக் கெடுத்தது. அதே சமயம் கூப்பிட்டால் போகாமலிருக்க ஒரு சாக்கையும் கொடுத்தது. 'என் சாமி விடமாட்டேங்குது' என்பது அடிமைக்குக் கிடைத்த அருமையான சாக்கு. இந்த இரட்டைத்தன்மையை விட்டுவிட்டு எதைப் பேசினாலும் பாதிதான்.

தென் திருவிதாங்கூரில் சீர்திருத்தச் சபையின் கதை தொடங்குவதே ஒரு யாத்திரையில்தான். மயிலாடியைச் சேர்ந்த மகராசன், சாம்பவர், சிதம்பரத்துக்குப் போனார். அங்கே மனம் நிறையாமல், திரும்பும் வழியில் 1799இல் தஞ்சாவூரில் ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் ஆனார். சிதம்பரத்தில் அவர் சாதிக்காரர் எதுவரை போகமுடிந்தது என்பதை நந்தன் கதை படித்த யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அவர் அழைப்பின் பேரில் 1806இல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தார். பிறகு அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஊழிய வேலையிலிருந்து விலக்கு கிடைத்தது. ஊழியம் என்றால் இன்று நாம் சபைகளில் சொல்லும் ஊழியமல்ல, சம்பளமில்லாத கட்டாய வேலை. ஏழில் ஒருநாள் 'இன்று வரமாட்டேன்' என்று சட்டப்படி சொல்லலாம் என்றானது. ஓய்வுநாள் என்ற சொல்லுக்கு அந்த மக்களிடம் இருந்த பொருள் இது.

கிழக்கே கம்பெனி சீமையில் தேரோட்டம் அரசாங்கக் காரியமாகவே இருந்தது. கோயில் நிர்வாகம் கலெக்டர் கையில். வடம்பிடிக்க ஆள் சேர்ப்பது தாலுகாச் சேவகர் வேலை. திருவிழாக்களுக்குப் பட்டாளத்தை மரியாதைக்கு நிறுத்த மனம் ஒவ்வாமல் சென்னைப் படைத்தலைவர் பெரெக்ரின் மெய்ட்லண்ட் 1838இல் பதவியை விட்டார். அவர் உறுத்தல் விக்கிரகம் பற்றியது. வடத்தில் உரிந்த உள்ளங்கை பற்றியதல்ல. 1863ஆம் வருஷத்துச் சட்டத்தோடு அரசாங்கம் கோயில் நிர்வாகத்திலிருந்து விலகியது.

பண்பாட்டைப் பறித்தார்கள் என்று முதலில் குரல் எழுப்பியவர் யார் என்று பார்த்தால் தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியாரிடம் வந்து நிற்கிறோம். பெரிய கவி, சுவார்ட்ஸ் வளர்த்த பிள்ளை, சரபோஜி அரசவையில் இடம்பெற்றவர். 1829 வாக்கில் புதிய மிஷனரிகள் செய்த கொடுமைகள் என்று நாலைக் குறிக்கிறார். வேதப் புத்தகத்தின் வாசகத்தை மாற்றினார்கள், பந்தியில் எல்லாச் சாதியையும் ஒன்றாகக் கலந்தார்கள், பூவை விலக்கினார்கள், கோயிலில் தமிழ்ப் பாட்டை நிறுத்தினார்கள். பூவுக்காகவும் பாட்டுக்காகவும் அவர் பட்ட கோபத்தில் நான் அவர் பக்கம்தான். ஆனால் பட்டியலில் இரண்டாவதை என்ன செய்வது? பூவும் பந்தியும் அவருக்கு ஒரே மூச்சில் வருகின்றன. கலாச்சாரம் என்று ஒரு வேளாளக் கிறிஸ்தவர் எதை நினைத்தார் என்பதற்கு இதைவிட வெளிப்படையான பிரதி தேவையில்லை. பண்பாட்டு உரிமை பேசும் நண்பர்கள் இந்த நாலையும் சேர்த்து வாசிக்க வேண்டும், வசதிப்பட்ட மூன்றை மட்டுமல்ல.

இனிக் கோபம்.

திருவிழாவுக்கு வரமாட்டேன் என்பது அடித்தளத்து மக்கள் வாயில் ஒரு கோபச்சொல். அதைச் சொல்லக் கற்றுக்கொடுத்த அதே மிஷன்தான் கோபப்படாதே என்றும் கற்றுக்கொடுத்தது. தோள்சீலைக் கலகத்தைப் பார்க்கலாம். மார்பை மறைத்த நாடார் பெண்களின் துணி சந்தையில் கிழிக்கப்பட்டது. 1858 கடைசியிலும் 1859 தொடக்கத்திலும் ஜெபவீடுகளும் பள்ளிகளும் எரிந்தன. மிஷனரிகள் மகாராஜாவுக்கும் சென்னை கவர்னர் டிரெவெல்யனுக்கும் மனு எழுதினார்கள். 1859 ஜூலை 26இல் உத்தரவும் வந்தது. அடிபட்டவரின் கோபம் மனுவாக மாறியதால் ஜெயித்தது என்பது உண்மை. ஆனால் மனு எழுதும் கை துரையுடையது. அடிபட்டவருக்கு மிச்சமாகக் கிடைத்த பாடம் பொறுமை. ஜெயித்த கதையும் பொறுமையின் கதையாகவே பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டது. நான் கேட்டதும் அப்படித்தான்.

தமிழில் பிள்ளைகளுக்கென்று பத்திரிகை வந்ததும் இந்த வட்டாரத்தில்தான். நாகர்கோவிலிலிருந்து 1840இல் 'பாலதீபிகை', பாளையங்கோட்டையிலிருந்து 1849இல் 'சிறுபிள்ளையின் நேசத்தோழன்'. பிள்ளை என்ற ஒரு வாசகரை, கீழ்ப்படிகிற, சாந்தமான, சொன்னதை மனப்பாடம் செய்கிற ஒருவரை, மிஷன் அச்சு இப்படித்தான் உருவாக்கிக்கொண்டது. (இதற்கு ஃபூக்கோ வரவேண்டியதில்லை. ஐம்பது தடவை எழுதிய எனக்கே தெரியும்.) கோபத்தை அடக்கச் சொன்னவர்களின் கோபம் தனிக்கதை. சாயர்புரத்தில் செமினரி நடத்திய ஜி.யு.போப் மாணவர்களைக் கடுமையாக அடிப்பவர் என்று பெயர் வாங்கியவர். அவர்தான் 1886இல் குறளை ஆங்கிலத்தில் கொடுத்தவர். 'வெகுளாமை'யின் முதல் குறளில் நின்று அவர் என்ன யோசித்தார் என்று அறிய எனக்கு ஆசை. நம் சினம் பலிக்கக்கூடிய ஆளிடத்தில் அடக்குவதுதான் அடக்கம், பலிக்காத இடத்தில் அடக்கினால் என்ன, விட்டால் என்ன என்கிறார் வள்ளுவர். அந்தக் கேள்வி பிரம்பு வைத்திருப்பவரை நோக்கியது. நம் பாடப்புத்தகங்கள், கிறிஸ்தவப் புத்தகம் மட்டுமல்ல, எல்லாப் புத்தகமும், அதைப் பிரம்படி வாங்குபவனுக்குத் திருப்பிவிட்டன. அடுத்த குறள் பலிக்காத இடத்துச் சினமும் தீது என்கிறதே என்று தமிழ் படித்தவர் யாராவது எழுதுவார்கள். ஆமாம், அங்கே தீது சினந்தவனுக்கே வரும் என்பது எச்சரிக்கை. பலிக்கும் இடத்துச் சினத்தைவிடத் தீயது வேறில்லை என்று அதே குறள் முடிவதையும் அவர் மறக்காமல் எழுதட்டும்.

கோபத்தை அடக்காமல் அதிலிருந்தே பண்டிகை செய்துகொண்ட ஒருவர் உண்டு. நாசரேத் மிஷனில் வேலை பார்த்து நீக்கப்பட்ட அருமைநாயகம் என்ற சட்டாம்பிள்ளை. கால்டுவெல் 1849இல் சாணார்களைப் பற்றி எழுதிய சிறுநூல் அந்தச் சமூகத்தையே கேவலப்படுத்திவிட்டது என்று கொதித்தவர்களில் அவரும் ஒருவர். 1857இல் பிரகாசபுரத்தில் தனிச்சபை கண்டார், இந்து கிறிஸ்தவ சபை என்று. வெள்ளைக்காரன் வேதத்தை வெள்ளைக்காரனுக்கு எதிராகவே வாசித்தார். சனிக்கிழமைதான் ஓய்வுநாள் என்றார். பழைய ஏற்பாட்டில் சொல்லியிருக்கிற பண்டிகைகளை நீங்கள் ஏன் விட்டுவிட்டீர்கள், உங்கள் கிறிஸ்மஸ் எங்கே எழுதியிருக்கிறது என்ற தோரணை. தரையில் உட்கார்ந்து, சாம்பிராணி புகைத்து, எக்காளம் ஊதி ஆராதனை. சாதிப்பெருமை அவரிடம் இல்லையா என்றால் இருந்தது, ஏராளமாக. அவரை நம் நாயகனாக்க எனக்கு உத்தேசமில்லை. மிஷன் கொடுத்த நாள்காட்டியைக் கோபத்தால் கிழித்து வேறொன்று எழுதமுடியும் என்று காட்டினார், அவ்வளவே.

வேதம் என்னதான் சொல்கிறது? கொரிந்தியருக்கு எழுதும்போது பவுல், கடையில் விற்பதை விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடச் சொல்கிறார். இது படைத்தது என்று ஒருவர் எடுத்துச்சொன்னால் மட்டும், சொன்னவரின் மனச்சாட்சிக்காக, விடச் சொல்கிறார். முதல் பாதி எங்கள் ஞாயிறு பள்ளிக்கு வந்து சேரவே இல்லை. கோபத்திலும் இதே கத்தரிப்பு. நான் ஐம்பது தடவை எழுதிய வசனம் கோபமே கூடாது என்று சொல்லவில்லை. கோபம் வரும் என்று ஒத்துக்கொண்டு, பாவம் செய்யாதிருக்கச் சொல்லி, பொழுது சாய்வதைக் கெடுவாக வைக்கிறது. வளர்ந்தபின் அதே வசனத்தை மறுபடி வாசித்தபோதுதான் கண்ணில் பட்டது. ஓய்வுநாளில் சூம்பின கையுள்ளவனைக் குணமாக்கும் முன், சுற்றியிருந்தவர்களை இயேசு கோபத்தோடு பார்த்தார் என்று மாற்கு எழுதுகிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, கயிற்றில் சவுக்குப் பின்னி ஆலயத்தில் மேசைகளைக் கவிழ்த்தது எப்போது? பஸ்கா நெருங்கியபோது, திருவிழாக் கூட்டம் வந்துசேரும்போது. யோவான் அந்த நாளைக் குறித்தே வைத்திருக்கிறார். திருவிழாவில் யார் காசு பார்க்கிறார்கள் என்பதன் மேல் வந்த கோபம் அது. திருவிழாவும் கோபமும் ஒரே இடத்தில் சந்திக்கிற அந்தப் பக்கம், என் ஞாயிறு பள்ளிப் பாடங்களில் வந்ததாக எனக்கு நினைவில்லை.

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த தியாப்பிலஸ் அப்பாவு, பறட்டை அண்ணன் என்று எல்லாரும் அறிந்தவர், 2005இல் இறந்தார். கிராமியப் பாட்டையும் பறையையும் ஆராதனைக்குள் கொண்டுவந்தவர். ஒரே உலையில் பொங்கிச் சேர்ந்து உண்பதைத் தன் இறையியலுக்கு நடுவில் வைத்தவர். கோபத்தை அவர் பாட்டுகள் மறைக்கவில்லை. விரட்டப்பட்ட கொட்டு கோயிலுக்குள்ளேயே வந்தபோது முகம் சுளித்தவர்களில் எங்கள் ஆட்களும் உண்டு. 'அத அடிக்க வேண்டாம்னுதானே வேதத்துக்கு வந்தோம்' என்று ஒரு பெரியவர் கேட்டதை நானே கேட்டிருக்கிறேன். அவரைப் பிற்போக்கு என்று சொல்லிவிட எனக்கு வாய் வரவில்லை. கூப்பிட்டு அடிக்கிற கொட்டும் விரும்பி அடிக்கிற கொட்டும் ஒன்றா என்பதை, கட்டி வைத்து அடிபட்டவரின் பேரன் முடிவுசெய்ய நாளாகும்.

போன மே மாதம் அக்கா மகள் விடுமுறை வேதப்பள்ளிக்குப் போய் வந்தாள். கையில் வண்ணப்படப் பயிற்சிநூல். கோபம் வந்தால் ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணு, தண்ணீர் குடி, ஜெபம் பண்ணு. எதிர்ப்பக்கத்தில் ஒரு பிள்ளை பலகாரத் தட்டை 'வேண்டாம்' என்று கையால் தள்ளுகிற படம். எதன் மேல் கோபம், ஏன் வேண்டாம் என்று இரண்டு பக்கத்திலும் இல்லை. ஆச்சி கதையைச் சொன்னேன், சவுக்குப் பின்னிய கதையையும் சொன்னேன்.

"அப்ப இயேசு பத்து எண்ணலியா மாமா?"

"சவுக்குப் பின்னுறதுக்கு அதவிடக் கூடுதல் நேரம் ஆகும்லா," என்றேன்.

யோசித்தாள். பிறகு பென்சிலை எடுத்து, எண்ணுவதற்காக விட்டிருந்த பத்துக் கட்டங்களிலும் கயிறு வரையத் தொடங்கினாள்.